ஐம்பது கிராம் ட்யூப் ஆறு மாதம் வரக்கூடாது

போன சித்திரையில் திருமங்கலத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். தினமும் ஸ்கூட்டியில் மதுரைக்கு வேலைக்கு வந்து போகிறவர், இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது கருந்திட்டு. "டாக்டர், எஸ்.பி.எஃப். ஐம்பதுதான் போடுறேன், ஒரு நாள்கூட விட்டதில்ல, அப்படியும் கருப்பு ஏறிக்கிட்டேதான் போகுது" என்று சொல்லி ட்யூப்பை எடுத்து மேசையில் வைத்தார். வெயிலுக்குப் போடுகிற சன்ஸ்கிரீன் க்ரீம், 50 கிராம் ட்யூப். எப்போது வாங்கினது என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னாடி என்றார். ஆறு மாதமாகியும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. வெயில் கதிரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதித்துக் கண்டுபிடிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் க்ரீம் தடவுவார்கள். அந்த அளவில் முகத்துக்கு மட்டும் ஒரு கிராம், கொஞ்சம் கூடவே ஆகும். ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் அடி முதல் நுனி வரை இரண்டு கோடு பிதுக்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டால் 50 கிராம் 25 நாளைக்கு மேல் வராது. அவர் போட்டதோ பட்டாணி அளவு. அவ்வளவு மெலிதாகப் போட்டால் அட்டையில் இருக்கிற ஐம்பது முகத்தில் கிடைக்கவே கிடைக்காது.

ட்யூப்பைக் கொஞ்சம் பிதுக்கியும் பார்த்தேன். முதலில் எண்ணெய் மாதிரி தனியாக வடிந்தது, அப்புறம்தான் க்ரீம் வந்தது. ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தாராம். மதுரை வெயிலில் நிற்கிற வண்டிக்குள் எவ்வளவு கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தச் சூட்டில் எந்த சன்ஸ்கிரீனும் கெட்டுப்போகும், காலாவதித் தேதி இன்னும் வராவிட்டாலும் சரி.

இப்போது அட்டைக்கு வருவோம். எஸ்.பி.எஃப். என்பது முக்கியமாக வெயிலில் வருகிற யு.வி.பி. என்ற புறஊதாக் கதிரைப் பற்றியது, அதாவது தோலைச் சிவக்க வைத்து எரிய வைக்கிற கதிர். சரியான அளவில் போட்டால் எஸ்.பி.எஃப். 15 அதில் சுமார் 93 சதவீதத்தையும், 30 சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், அதனால் எண்ணுக்காக மட்டும் இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டாம். நம் நிறத்துத் தோலுக்குப் பெரிய தொல்லை யு.வி.ஏ. கதிர். ஆழமாக இறங்கிக் கருமையை ஏற்றுவதும், சுருக்கம் விழ வைப்பதும் அதுதான். மேகம் போட்டிருந்தாலும் வரும், கண்ணாடியையும் தாண்டும். கால் டாக்சி ஓட்டுகிறவர்கள் வந்தால் கதவுக் கண்ணாடிப் பக்கம் இருக்கிற வலது கை இடது கையைவிடக் கருத்திருப்பதை நானே அவர்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

யு.வி.ஏ. தடுப்பைக் காட்ட ஜப்பானில் ஏற்படுத்திய குறி பி.ஏ., பக்கத்தில் பிளஸ் குறிகள் இருக்கும். மூன்றுக்குக் குறையாமல் வாங்குங்கள், நான்கு இருந்தால் இன்னும் நல்லது. பி.ஏ. போடாத ட்யூப்பில் ப்ராட் ஸ்பெக்ட்ரம் (இரண்டு கதிரையும் தடுக்கும் என்று அர்த்தம்) என்றாவது இருக்க வேண்டும், இரண்டுமே இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

மங்கு இருக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. சேர்மானப் பட்டியலில் அயர்ன் ஆக்சைடு இருக்கிற, லேசாகத் தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீன்தான் அதற்குச் சரி. வெளுப்பாக்கும் என்ற வாக்குறுதியை நம்பி மெடிக்கலில் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. முதல் மாதம் பளிச்சென்று இருக்கும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் எரிச்சல். தயவுசெய்து வேண்டாம்.

வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்டிருந்தால் நாள் முழுக்க நிற்கும் என்று அர்த்தமில்லை. அமெரிக்க விதிப்படி அது தண்ணீரிலோ வியர்வையிலோ 40 அல்லது 80 நிமிடம் தாங்கும் என்ற கணக்கு. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடிகாலையில் வைகைக்குப் போய் வெயில் ஏறின பிறகு திரும்புகிறவர்கள், வியர்வையைத் துடைத்துவிட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும்.

"மாசம் ஒரு ட்யூப்னா கட்டுப்படியாகாது டாக்டர்" என்றார் அந்த அக்கா. நியாயம்தான். அவர் அம்மா மல்லிகைப் பூ எடுக்கப் போகிறவராம், சேலைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அதைவிட நல்ல பாதுகாப்பை நானும் எழுதித் தர முடியாது என்றேன். கைக்குச் சட்டையோ கையுறையோ போதும், முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் க்ரீம், மேலே முன்கண்ணாடி வைத்த ஹெல்மெட்.

ஆடியில் திரும்ப வந்தார். வலது கன்னம் ஓரளவு தெளிந்திருக்கிறது, இடது இன்னும் அப்படியேதான், மங்கு மெதுவாகத்தான் விலகும். ட்யூப்பைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வாங்கின தேதியை அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தார்.