வயதாவது வில்லுக்கா, நாணுக்கா?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "சார், என்னிடம் 2009-இல் வாங்கிய காம்பவுண்ட் வில் இருக்கிறது. வேட்டைக்கென்று செய்த ரகம், இழுவைக் கனம் 60 பவுண்டு. விநாடிக்கு 300 அடி வேகம் என்று அப்போது சொல்லி விற்றார்கள். இப்போது கடையில் 340 அடி என்கிறார்கள். பழையதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கலாமா?"

இந்த மாதிரி கேள்விகள் இனி கூடத்தான் செய்யும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாகக் காம்பவுண்ட் வில், அதாவது இரு முனையிலும் சக்கரம் வைத்த வில், இடம்பெறுகிறது, கலப்பு அணிப் போட்டியாக. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கத்தையும் இந்தியா அள்ளியது. அதில் மூன்றில் வில்வித்தை வீராங்கனை ஜோதி சுரேகாவுக்குப் பங்கு உண்டு. அந்த அம்புகளைப் பார்த்த பிறகு வில்லைத் தொட்டுப் பார்க்க ஆசை வராமல் இருக்குமா?

வேட்டை ரகம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் வேட்டையாடுவது குற்றம். காட்டுப்பன்றியும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. நம் வாசகர் காகித இலக்கிலும் ரப்பர் நுரையில் செய்த மான் பொம்மையிலும்தான் அம்பு விடுகிறார் என்பதால் மேற்கொண்டு போவோம்.

கைத்தசை மெதுவாகக் கொடுக்கும் ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு, அதைக் கண்ணிமைப்பதற்குள் அம்புக்குக் கொடுப்பதுதான் எந்த வில்லுக்கும் வேலை. இழுக்கும் சராசரி விசையை இழுத்த தூரத்தால் பெருக்கினால் சேமித்த ஆற்றல் கிடைக்கும். நான்காம் படிவ இயற்பியலில் படித்ததுதான். சாதாரண வில்லில் இழுக்க இழுக்கக் கனம் ஏறிக்கொண்டே போகும். குறி பார்க்கிற நேரத்தில்தான் கனம் உச்சத்தில் இருக்கும். கை நடுங்கும், குறி தவறும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் இந்தத் தொல்லைக்கு ஒரு வழி கண்டு 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1969-இல் அது கிடைத்தது. காம்பவுண்ட் வில் அங்கே பிறந்ததுதான்.

வில்லின் இரு முனையிலும் இருக்கும் சக்கரத்தை, அதாவது கேமைப் பக்கவாட்டில் பாருங்கள். அதில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். ஒன்றில் நாண் சுற்றியிருக்கும், மற்றதில் எதிர்முனைக்கு ஓடும் கேபிள். அச்சு நடுவில் இருக்காது, ஓரமாக ஒதுங்கியிருக்கும். பள்ளங்களும் முழு வட்டம் அல்ல. ஒன்று ஒரு பக்கம் புடைத்திருக்கும், மற்றது வேறொரு பக்கம். இந்த வித்தியாசமான வடிவத்தில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது.

ஒரு கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கைவைத்துத் தள்ளிப் பாருங்கள், மூச்சு வாங்கும். கைப்பிடிப் பக்கம் தள்ளினால் ஒரு விரல் போதும். சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்ததுதான் வித்தியாசம். கேமில் நாண் ஒரு திசையில் சுழற்றப் பார்க்கிறது; லிம்பின், அதாவது வில்லின் வளையும் தண்டின், இறுக்கத்தைத் தாங்கும் கேபிள் அதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. இழுக்கத் தொடங்கும்போது நாண் அச்சுக்கு அருகிலிருந்தும், கேபிள் அச்சுக்குத் தொலைவிலிருந்தும் கிளம்புகின்றன. நீங்கள் கீல் பக்கம் தள்ளுகிறீர்கள், கேபிள் கைப்பிடிப் பக்கம் நிற்கிறது. அதனால் சில அங்குலத்திலேயே கனம் 60 பவுண்டுக்கு ஏறிவிடும், அந்த உயரத்திலேயே சிறிது தூரம் நிற்கும். கேம் சுழலச் சுழல இடங்கள் மாறுகின்றன. நாணின் கை, அதாவது அச்சிலிருந்து அது இழுக்கும் தூரம், நீள்கிறது; கேபிளின் கை குறுகுகிறது. கடைசியில் கேபிள் அச்சை உரசாத குறையாகப் போகிறது. நாணோ கேமின் மிக அகன்ற விளிம்பில் நிற்கிறது. லிம்ப் முன்னைவிட அதிகமாக வளைந்திருக்கிறது, ஆனாலும் அதன் கை அவ்வளவு குட்டையாகிவிட்டதால் உங்களிடம் தோற்றுவிடுகிறது. 60 பவுண்டு வில்லைக் கடைசியில் வெறும் 12 பவுண்டில் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இந்த 80 விழுக்காட்டுக் குறைவுக்குத்தான் லெட்-ஆஃப் என்று பெயர்.

வில்லில் ஆற்றல் உச்சத்தில் இருக்கும் அதே கணத்தில் கையில் சுமை ஆகக் குறைவாக இருக்கிறது. இயற்பியல் விதி ஒன்றைக்கூட மீறாமல், பள்ளத்தின் வளைவை மட்டும் மாற்றி இதைச் சாதித்திருக்கிறார்கள். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்புத் தீரவில்லை.

நாணை விட்டதும் இதே நாடகம் பின்னோக்கி நடக்கிறது. அம்பை முதலில் 12 பவுண்டுதான் மெல்லத் தள்ளுகிறது; பிறகு விசை ஏறி 60-ஐத் தொடுகிறது. சாதாரண வில்லில் உச்ச விசை முதல் கணத்திலேயே அம்பின் வாலில் மோதும். இங்கே அந்த மோதல் இல்லை.

இப்போது 340 அடி விஷயத்துக்கு வருவோம். 60 பவுண்டு என்பது ஏறத்தாழ 267 நியூட்டன். நாண் அம்பைத் தள்ளும் தூரம் 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனம் நேர்கோட்டில் ஏறினால் சேமிப்பு 60 ஜூல். முதலிலிருந்து கடைசி வரை 60 பவுண்டிலேயே நின்றால் 120 ஜூல். காம்பவுண்ட் வில்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. புதிய கேம்கள் 120 பக்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கின்றன. கூடுதல் வேகத்தில் பெரும் பங்கு அங்கிருந்துதான் வருகிறது. பதிலுக்கு நீங்கள் கொடுப்பது, இழுக்கும்போது தோளுக்கு ஏறும் முரட்டுத்தனம்.

விளம்பர எண்ணிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த வேகத்தை 70 பவுண்டு கனத்தில், 30 அங்குல இழுதூரத்தில், 350 கிரெய்ன் (சுமார் 23 கிராம்) எடையுள்ள லேசான அம்பில் அளக்கிறார்கள். உங்கள் இரு கைகளையும் விரித்து நுனிக்கு நுனி அளந்து 2.5-ஆல் வகுத்தால் உங்கள் இழுதூரம் தோராயமாகத் தெரியும். நம்மில் பலருக்கு 27 அங்குலம் வந்தாலே அதிகம். ஓர் அங்குலம் குறைந்தால் விநாடிக்குப் பத்தடி குறையும் என்பது வில்லாளர்களின் கைக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 340 அடி வில் உங்கள் கையில் 310-ஐத் தாண்டுவதே சிரமம்.

சரி, முழு வித்தியாசமும் கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 300 அடி என்பது விநாடிக்கு 91 மீட்டர், 340 அடி என்பது 104 மீட்டர். 30 மீட்டர் போவதற்குள் பழைய வில்லின் அம்பு 53 சென்டிமீட்டர் தாழும், புதியது 41 சென்டிமீட்டர். தூரம் தெரிந்திருந்தால் சைட்டை, அதாவது வில்லில் மாட்டிய குறிபார்க்கும் கருவியை, ஒருமுறை சரிசெய்து வைத்தால் போதும், இந்த வித்தியாசம் காணாமல் போகும். தூரம் தெரியாதபோதுதான் வேகம் உதவும். 33 மீட்டரில் நிற்கும் நுரை மானை 30 என்று தப்பாக மதிப்பிட்டீர்கள் என்றால், பழைய வில்லில் அம்பு 5.8 சென்டிமீட்டர் கீழே போகும், புதியதில் 4.5. மிச்சமாவது ஒன்றேகால் சென்டிமீட்டர்! இதற்காகச் சில ஆயிரம் ரிங்கிட் செலவழிக்க வேண்டுமா என்று நீங்களே பாருங்கள்.

வயது காட்டுவது வேறோர் இடத்தில். சாதாரண வில்லில் எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடலாம். காம்பவுண்ட் வில்லில் முடியாது. அலமாரியில் சும்மா கிடக்கும்போதும் நாணும் கேபிளும் பெரும் இழுவிசையில் விறைத்தே இருக்கும். அவை பெரும்பாலும் டைனீமா போன்ற பாலிஎத்திலீன் இழை. எஃகைவிட எடைக்கு எடை பலமானது, ஆனால் தொடர்ந்து இழுபட்டால் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும், திரும்பாது. சூட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். பிறை சாலையில் மத்தியான வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் வில்லை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படி நீளாத வெக்ட்ரான் இழையைக் கலந்து நாண் முறுக்குவது இதனால்தான்.

சில மில்லிமீட்டர் நீண்டாலே போதும். மேல் கேமும் கீழ் கேமும் ஒன்றாகச் சுழலாமல், ஒன்று முன்னதாக முடிவுக்கு வரும். இழுவைக் கனம் குறையும், இழுதூரம் மாறும், நாணின் நடுவே குறிபார்க்க வைத்திருக்கும் துளை வளையமான பீப் சைட் திரும்பிக்கொள்ளும், அம்பின் வால் நேர்கோட்டில் வராமல் மேலும் கீழும் அலையும். "வில் பழைய மாதிரி இல்லை" என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நாணையும் கேபிளையும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்பது பொதுவான பரிந்துரை. சில நூறு ரிங்கிட்டில் முடிகிற வேலை. ஆனால் லிம்பை அழுத்திப் பிடிக்கும் பௌ பிரஸ் கருவி வைத்திருக்கும் கடையில்தான் செய்ய வேண்டும். வீட்டில் கழற்றப் பார்த்தால் லிம்ப் முகத்துக்கு நேராக விரியும்.

இந்த இடத்தில் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பதக்கம் வாங்கித் தந்த நாண், மாற்றினால் ராசி போய்விடும் என்று நைந்துபோன நாணோடு எய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முழுக்க இழுத்து நிற்கும்போது நாண் அறுந்தால், 100 ஜூலுக்குப் பக்கமான ஆற்றலை வாங்க அம்பு இருக்காது. அத்தனையும் லிம்பையும் கேமையும் உங்கள் கையையும் தேடி வரும். ஆயுத பூஜையன்று வில்லுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதை நான் தடுக்க மாட்டேன், கைப்பிடியில் வையுங்கள். நாணில் பூசினால் பொடி இழைக்குள் புகுந்து அரிக்கும். இன்னொன்று, பினாங்கின் ஈரமும் வெக்கையும் இந்த இழையையும் லிம்பின் பசையையும் எவ்வளவு வேகமாகத் தின்கின்றன என்று அளக்க நமக்கு வெளியூர் வல்லுநர் தேவையே இல்லை. நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமே இருக்கிறது, பொருளறிவியல் துறையோடு. இதற்கு ஒரு சிறிய ஆய்வு நிதி ஒதுக்கினால் வில்லுக்கு மட்டுமல்ல, மீன்பிடிக் கயிறுக்கும் படகுக்கும் அது பயன்படும்.

லிம்ப் சமாச்சாரம் வேறு. கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்தது. விரிசல் விடாதவரை வளையும் குணம் அவ்வளவு எளிதில் போகாது. ஒரு பஞ்சை எடுத்து லிம்பின் இரு பக்கமும், முக்கியமாக ஓரங்களில், மெல்லத் தேய்த்துக்கொண்டே போங்கள். இழை எங்காவது சிலும்பியிருந்தால் பஞ்சு சிக்கும். சிக்கிய இடத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அதோடு எய்வதை நிறுத்துங்கள். கேமின் விளிம்பு கோணியிருக்கிறதா, அச்சில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால், நாணையும் கேபிளையும் மாற்றி, இரு கேமையும் ஒன்றாகச் சுழல வைத்து, இன்னும் பல ஆண்டுகள் அந்த வில்லோடு இருக்கலாம். மாற்ற வேண்டிய காரணங்கள் சில உண்டு. லிம்ப் விரிசல் விட்டு, அந்த மாடலுக்கு உதிரிப் பாகம் வருவது நின்றிருந்தால் மாற்றுங்கள். தோள் வலி இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள்: பழைய வில்களில் லெட்-ஆஃப் 65 விழுக்காடாக இருப்பதும் உண்டு, 60 பவுண்டில் அது 21 பவுண்டு பிடித்து நிற்பது. புதியவற்றில் 85 விழுக்காடு கிடைத்தால் 9 பவுண்டு. எனக்கு வேகத்தைவிட இந்த 12 பவுண்டு வித்தியாசம்தான் பெரிது. நாணை விட்டதும் வில் கையில் துள்ளுகிறதா? புதிய வில்களில் இரு லிம்பும் ஏறத்தாழ கிடையாக இருந்து, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பாய்வதால் அதிர்வு ஒன்றையொன்று தின்றுவிடும். நிமிர்ந்த லிம்ப் உள்ள பழைய வில்லில் அந்தச் சுகம் கிடைக்காது.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தாலும் யோசிக்க வேண்டும். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிப்படி உச்சக் கனம் 60 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. உங்கள் வில் அந்த எல்லையிலேயே நிற்கிறது, நாணைத் தராசில் மாட்டி இழுத்து அளந்து பாருங்கள். தூரமும் 50 மீட்டர் என்று முன்கூட்டியே தெரிந்ததுதான், வேகத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அங்கே தேவைப்படுவது நீளமான, கையில் நிதானமாக நிற்கும் வில். காட்டுப் புதரில் சிக்காமல் இருக்கக் குட்டையாகச் செய்த வேட்டை வில் அதற்குத் தோதுப்படாது. அப்படி மாற்றும்போது பழைய வில்லில் விரிசல் இருந்தால் மட்டும் யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். கடையில் கொடுத்து நாணைக் கழற்றி, லிம்பைத் தனியாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள்.