நிறமில்லாத நீரில் குரோமியத்தைத் தேடுவது எப்படி?

வேலூர், ராணிப்பேட்டை பகுதி வீடுகளில் குடிநீரைச் சோதிப்பது என்றாலே, பேனா வடிவிலான டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் நனைத்து எண்ணைப் பார்ப்பது என்றாகிவிட்டது. உண்மையில் அந்தக் கருவி நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் கணித்துச் சொல்கிறது. எந்த உப்பு என்பதை அது அறியாது. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500, ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் வரை கரைபொருள்களை ஏற்கிறது. மாற்று நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை அனுமதிக்கிறது. மொத்தக் குரோமியத்துக்கோ வரம்பு 0.05 மில்லிகிராம்தான். 500-இல் 0.05 என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்குக் குரோமியம் கூடினாலும் குறைந்தாலும் மீட்டரின் எண் அசையாது. நாக்குக்கும் கண்ணுக்கும் தெரியாது.

பழைய வடஆற்காட்டில் இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணங்கள் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிற்சாலைகள் பதனிடுவதற்குக் குரோமியம் சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன. குரோமியம் நீரில் மூன்று இணைதிறன், ஆறு இணைதிறன் என்னும் இரு வடிவங்களில் காணப்படும். இந்த சல்பேட்டிலுள்ள மூன்று இணைதிறன் குரோமியம், அமிலமோ காரமோ மிகாத நீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்து பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே பாலாற்றங்கரைக் கிணறுகளை முதலில் கெடுப்பது, தோல் அழுகாமலிருக்கத் தடவும் சாதாரண உப்புதான். ஆறு இணைதிறன் குரோமியத்தின் இயல்பு வேறு. எதிர்மின்னேற்றம் கொண்ட குரோமேட்டாக அது நீரில் எளிதில் கரைகிறது. களிமண் துகள்களும் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் அவை அதைப் பிடித்து வைப்பதில்லை. நிலத்தடி நீர் செல்லும் திசையில் அதுவும் செல்கிறது. ராணிப்பேட்டையில் ஆறு இணைதிறன் குரோமியச் சேர்மமான சோடியம் டைகுரோமேட்டைத் தயாரித்து 1990-களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவை விட்டுச் சென்றதை எண்ணினால், அங்கே இந்தச் சோதனை ஏன் தேவைப்படுகிறது என்பது விளங்கும்.

சோதனை ஆய்வகத்தில் தொடங்குவதில்லை, கிணற்றடியிலேயே தொடங்குகிறது. ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் தேங்கிய நீர் வெளியேறும் வரை மோட்டாரை ஓடவிட்ட பிறகே மாதிரி எடுக்க வேண்டும். மொத்தக் குரோமியத்துக்கான மாதிரியில் உடனே நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான மாதிரியில் அதே அமிலத்தைச் சேர்த்தால், நீரிலுள்ள கரிமப் பொருள்கள் அதை மூன்று இணைதிறனாக மாற்றிவிடக்கூடும். தேடிய பொருள் ஆய்வகத்தை அடையும் முன்பே மறைந்துவிடும். எனவே அந்த மாதிரியை வடிகட்டி, அமிலமின்றிக் குளிரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்கிறார்கள். அல்லது அமில-காரத் தன்மை மாறாமல் காக்கும் தாங்கற்கரைசல் சேர்த்துக் காரத்தன்மையில் பாதுகாக்கிறார்கள். ஒரே பாட்டில் நீரை வைத்துக்கொண்டு இரண்டையும் சோதித்துத் தருவதாகச் சொல்பவரிடம் சற்று விசாரிப்பது நல்லது.

ஆய்வகத்தில் ஆறு இணைதிறன் குரோமியத்தைக் காட்டிக்கொடுப்பது டைபினைல்கார்பசைடு என்னும் வேதிப்பொருள். மாதிரியை அமிலமாக்கியவுடன் இதைச் சேர்த்தால், குரோமியம் அதை ஆக்சிஜனேற்றம் செய்து, விளைந்த பொருளுடன் தானே பிணைந்து செவ்வூதா நிறமாகிறது. மூன்று இணைதிறன் குரோமியம் இந்த நிறத்தைத் தருவதில்லை. சில நிமிடங்கள் கழித்து, 540 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கரைசலின் வழியே செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று நிறமாலைமானியில் அளக்கிறார்கள். உறிஞ்சல் குரோமியத்தின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், செறிவு தெரிந்த கரைசல்களைக் கொண்டு முன்னரே வரைந்த கோட்டில் வைத்து அளவைப் படித்துவிடலாம். நீரில் இரும்பு அதிகமிருந்தால் அதுவும் நிறம் தந்து குழப்பும்.

மொத்தக் குரோமியத்துக்கு அணு உறிஞ்சல் நிறமாலைமானியோ, அதனினும் நுண்ணிய ஐசிபி-எம்எஸ் கருவியோ பயன்படுகிறது. பின்னது மாதிரியை ஆர்கான் பிளாஸ்மாவில் அயனிகளாக்கி, அவற்றை நிறைவாரியாக எண்ணுகிறது. குரோமியத்தின் முதன்மை ஐசோடோப்பின் நிறை 52. குளோரின் 35, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1 ஆகியவை ஒட்டினாலும் அதே 52 வரும்! உப்பு மிகுந்த பாலாற்றுப் பகுதி நீரில், இல்லாத குரோமியத்தைக் கருவி இருப்பதாகக் காட்ட இதுவே போதும். ஹீலியம் நிரம்பிய அறையின் வழியே அயனிகளைச் செலுத்தி, உருவில் பெரிய அந்தப் போலிக் கூட்டு அயனிகளின் வேகத்தைக் குறைத்து விலக்குவது இதற்கான தீர்வு.

அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால், அந்த முறையின் கண்டறியும் எல்லை எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். எல்லையே 0.1 மில்லிகிராமாக இருந்தால், நீர் 0.05 என்ற வரம்புக்குள் இருக்கிறதா என்பதற்கு அந்த அறிக்கையில் விடை இல்லை. கோடையில் எடுத்த மாதிரியும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்ததும் வேறுபடும் என்பதால், இரு பருவங்களிலும் அதே கிணற்றைச் சோதித்து ஒப்பிடுவதே முறை.