வினை தேய்ந்து விகுதியாகும் கதை

ஃபிரெடெகார் என்பவரின் பெயரில் வழங்கும் 7ஆம் நூற்றாண்டு லத்தீன் வரலாற்று ஏட்டில் ஒரு கதை வருகிறது. பிடிபட்ட பாரசீக மன்னனிடம் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் நிலங்களைக் கேட்கிறார். மன்னன் "நோன் தாபோ", அதாவது தரமாட்டேன் என்கிறான். "தாராஸ்" என்கிறார் பேரரசர்: தருவாய். தாராஸ் என்ற ஊருக்குப் பெயர் வந்தது இப்படித்தானாம். ஊர்ப்பெயருக்காகக் கட்டிய கதைதான். ஆனாலும் மொழியியலாருக்கு இது புதையல். மன்னனின் 'தாபோ' பழைய லத்தீன் எதிர்காலம். பேரரசரின் 'தாராஸ்' புதியது. 'தாரே' (தர), 'ஹாபேஸ்' (உனக்கு இருக்கிறது) என்ற இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது அது. (நம் 'தா'வுக்கும் இதற்கும் உறவில்லை.)

பழைய வடிவம் ஏன் போதவில்லை? பேச்சில் பகரமும் வகரமும் கலந்துவிட்டன. 'கந்தாபித்' என்றால் பாடுவான், 'கந்தாவித்' என்றால் பாடினான். இரண்டும் காதுக்கு ஒன்றாகிப்போனால் எதை நம்புவது? துணைவினை வந்து கைகொடுத்தது. 'பாட இருக்கிறது' என்ற அந்தத் தொடர் நாளடைவில் சுருங்கி, பிரெஞ்சில் 'ஷான்த்ரே' (பாடுவேன்) என்ற ஒரே சொல்லாயிற்று. கடைசி 'ஏ'தான் பழைய 'ஹாபேயோ'வின் (எனக்கு இருக்கிறது) மிச்சம்.

போர்த்துகீசிய எழுத்து நடையில் தையல் இன்னும் தெரிகிறது. 'தரேய்' என்றால் தருவேன். உனக்குத் தருவேன் என்று சொல்ல, 'உனக்கு' என்பதைச் சொல்லின் நடுவிலேயே செருகலாம்: 'தார்-தெ-எய்'. தமிழிலும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். 'வந்துகொண்டிருக்கிறான்' ஒரே சொல் போலத்தான் ஒலிக்கிறது. ஆனால் 'வந்துகொண்டேயிருக்கிறான்' என்று ஏகாரம் உள்ளே நுழைந்துவிடுகிறது. 'விடு' இன்னும் கரைந்திருக்கிறது: வந்துவிட்டான், வந்துட்டான். 'கண்ணாடி உடைஞ்சிடுச்சு' என்னும்போது யாரும் எதையும் விடவில்லை. காரியம் முடிந்தது என்ற குறிப்பு மட்டுமே மிச்சம்.

பிரெஞ்சுக்காரர்களோ ஒட்டிய வடிவத்தோடு நிற்கவில்லை. அன்றாடப் பேச்சில் 'ழ வே ஷான்தே', பாடப் போகிறேன், என்று மறுபடி இரண்டு வினைகளுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்தில், பார்சிலோனா பகுதியில் பேசும் கட்டலான் மொழியிலும் அதே 'போ' வினைதான்; ஆனால் அங்கே 'பாச் கந்தா' என்றால் பாடினேன்! நடந்த கதையை விறுவிறுப்பாகச் சொல்ல இடைக்காலத்தில் புழங்கிய நடை, இறந்தகாலமாகவே நிலைத்துவிட்டது. பார்சிலோனாவில் நிஜமாகவே பாடப் போகிறவர் நடுவில் ஓர் 'அ' சேர்த்து 'பாச் அ கந்தா' என்கிறார்.