பூட்டி வைக்க வேண்டிய அறிக்கை

ஒரு நிறுவனம் தன் இடைநிலை மேலாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி தர என்னை அழைத்திருந்தது. தொடக்கமாக 20 பேருக்கும் ஆளுமை வினாத்தாள் கொடுத்தேன். ‘விடைகள் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான்’ என்று சொல்லித்தான் கொடுத்தேன். மனம் திறந்து எழுதினார்கள். கூட்டத்தில் யாராவது மறுத்துப் பேசினால் சுருக்கென்று கோபம் வருகிறது என்றார் ஒருவர். யாரை நம்பியும் வேலையை ஒப்படைக்க முடியவில்லை என்றார் இன்னொருவர். பயிற்சியாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எட்டு மாதம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியல் தயாரானபோது, மனிதவளத் துறை அந்த அறிக்கைகளைக் கேட்டது. தர மறுத்தேன். சோதனையை விற்றவர்களிடமே நேராகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் அதைத் தடுக்கும் வரி ஒன்றும் இல்லை. அதை எழுதாமல் விட்டது என் தவறு. மறு ஆண்டு அதே வினாத்தாளைக் கொடுத்தால், 20 பேரும் முற்றும் துறந்த முனிவர்களாகியிருந்தார்கள். கோபம் வராது, கவலை கிடையாது, எல்லோரோடும் இணக்கம்.

ஆளை எடுப்பதற்கான மதிப்பீட்டையும் ஆளை வளர்ப்பதற்கான மதிப்பீட்டையும் ஒரே பையில் போடுவதுதான் இந்தத் தொழிலில் நான் மிகுதியாகக் காணும் பிழை. வினாத்தாள் ஒன்றாக இருக்கலாம். விடை எழுதுபவரின் மனநிலை ஒன்றாக இருக்காது. வேலை கேட்டு வந்தவர் ‘சொன்ன தேதிக்குள் முடிக்கத் திணறுவேன்’ என்ற வரிக்கு எதிரே ‘ஆம்’ என்று குறிக்க மாட்டார். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நேர்முகத் தேர்வுக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டு வருவது போலத்தான் அதுவும். தேய்த்த சட்டையைப் பார்த்துவிட்டு, இவர் தினமும் இப்படித்தான் வருவார் என்று நாம் முடிவு கட்டுகிறோமே, கோளாறு அங்கே இருக்கிறது.

அப்படியானால் ஆள்சேர்ப்பில் இதற்கு இடமே இல்லையா? இருக்கிறது, அளவோடு. 1936இல் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரை வேறுபடுத்திச் சொல்லும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினார்கள். பின்வந்தவர்கள் அவற்றைச் சலித்துச் சலித்து ஐந்து பெரும் பண்புகளில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுக இயல்பு (கலகலப்பாகப் பிறரோடு பழகும் குணம்), இணக்கம், உணர்ச்சித் தடுமாற்றம். 1965இல் வந்த ஒரு மறுஆய்வு, ஆளெடுப்பில் ஆளுமைச் சோதனைகளை நம்புவதற்குப் போதிய ஆதாரமில்லை என்று கைவிரித்தது. 1991இல் மரே பாரிக்கும் மைக்கேல் மவுண்ட்டும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொறுப்புணர்வு மட்டும் எல்லா வகை வேலைகளிலும் வேலைத்திறனோடு தொடர்புடையதாகத் தலைகாட்டியது. இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) ஏறத்தாழ 0.2. வர்க்கப்படுத்தினால் 0.04. வேலைத்திறனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்கை இது விளக்குகிறது. மீதி 96 பங்குக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்கும் இடத்தில் அந்த நான்கு பங்கும் பயன்தான். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலையெழுத்தை அதை வைத்து எழுத முடியாது.

ஆகவே ‘இத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் நீக்கிவிடுங்கள்’ என்ற கோரிக்கையை நான் ஏற்பதில்லை. மதிப்பெண்ணை நேர்முகத் தேர்வுக்கான கேள்வியாக மாற்றுங்கள் என்கிறேன். ‘ஒரே நாளில் மூன்று அவசர வேலைகள் வந்தபோது எதை முதலில் எடுத்தீர்கள், எதை விட்டீர்கள், விட்டதை யாரிடம் சொன்னீர்கள்?’ இதே கேள்வியை எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே வரிசையில் கேட்க வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இப்படிக் கட்டமைக்கப்பட்ட நேர்முகம் ஆளுமை வினாத்தாளைவிட நன்றாகக் கணிக்கிறது.

மனிதரைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் புகழ்பெற்ற மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் முன்வைத்த கருத்துகளை ஒட்டி, உளவியல் பட்டம் பெறாத ஒரு தாயும் மகளும் உருவாக்கியது அது. ஆளெடுப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுவோரே சொல்கிறார்கள். பெரும்பாலோர் நடுவில் நிற்கும் ஓர் அளவுகோலை அது இரண்டாக வெட்டுகிறது. கோட்டுக்கு இப்பக்கம் ஓர் அடி இருப்பவர் ‘அகமுகர்’, அப்பக்கம் ஓர் அடி இருப்பவர் ‘புறமுகர்’. அடுத்த மாதம் எழுதினால் கட்சி மாறிவிடலாம்.

‘ஆனால் அறிக்கை அப்படியே நான்தான்!’ என்பார்கள். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்குச் சோதனை வைத்து, தனித்தனி அறிக்கை என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். அதிலிருந்த வரிகளை ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். மாணவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 கொடுத்தார்கள். அதிலிருந்து பாடம் கற்று, அறிக்கையைக் கையில் கொடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: ‘இதில் எந்த வரி தவறு?’ உரையாடல் அங்கேதான் சூடு பிடிக்கிறது.

தலைமைப் பயிற்சியில் இன்னொரு கண்ணும் தேவைப்படுகிறது. புறமுக இயல்பு, யார் நல்ல தலைவர் என்பதைவிட யார் தலைவராகத் தென்படுகிறார் என்பதோடுதான் கூடுதலாக ஒட்டி நிற்கிறது. கலகலப்பானவர் முன்னால் தெரிகிறார், அவ்வளவுதான். நம்மைப் பற்றி நாம் தரும் மதிப்பெண்ணைவிட உடன் வேலை செய்பவர்கள் தரும் மதிப்பெண் நம் செயல்திறனைச் சரியாகச் சொல்கிறது. பொறுமைக்குத் தனக்கே முழு மதிப்பெண் போட்டுக்கொண்ட ஒரு மேலாளரைப் பற்றி அவரது குழுவினர் எழுதியது: ‘கேட்டுக்கொண்டே தலையாட்டுவார், கண் கைபேசியில் இருக்கும்.’ அதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அன்று அந்த அறையில் அவருடைய உயரதிகாரி உட்கார்ந்திருந்தால், அந்த மௌனத்துக்குப் பதில் விளக்கங்கள்தான் கிடைத்திருக்கும்.

சட்டச் சிக்கலும் உண்டு. மனநோயைக் கண்டறிய உருவான வினாத்தாளை ஒரு நிறுவனம் பதவி உயர்வுக்குப் பயன்படுத்தியபோது, அது மருத்துவப் பரிசோதனையே, மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்துக்கு முரணானது என்று 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

இப்போது என் ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கிறது: வளர்ச்சிக்காக வைத்த சோதனையின் அறிக்கை அதற்கு விடை எழுதியவருக்கே சொந்தம், அவர் கையெழுத்தில்லாமல் யாருக்கும் போகாது, சோதனையை விற்பவரையும் இது கட்டுப்படுத்தும். அண்மையில் ஒரு நிறுவனம் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னது. ‘பணம் தருவது நாங்கள்தானே’ என்றார்கள். உண்மைதான். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை.