ஊரைக் காலி பண்ணினது ராணுவம், பேப்பர் கேக்குறது பேரன்கிட்ட: பர்மாவுல பிங்க் கார்டு (முழுக் குடியுரிமைக் கார்டு) போடப் போற நம்ம தமிழ் ஆளுங்களுக்கு

1948 மார்ச்ல பர்மா கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதம் தூக்குச்சு, கட்சித் தலைவர் தக்கின் தான் துன்னோட ஆளுங்க பியின்மனா ஊர்ப் பக்கம் குடியானவங்களுக்கு நிலம் பிரிச்சுக் குடுத்தாங்க. 60கள்ல ராணுவம் "நாலு வெட்டு"ன்னு சோறு, பணம், தகவல், ஆள் நாலும் போராளிங்களுக்குப் போகக்கூடாதுன்னு ஊர் ஊரா கிளப்பிவிட்டுது. 1975ல பெகு யோமா மலைப் பக்கம் கட்சி ஒடுங்கிப்போச்சு. அப்படிக் கிளம்புனவங்க அரிசிய தூக்குவாங்களா, பேப்பர் வச்ச டிரங்குப் பெட்டிய தூக்குவாங்களா?

இப்ப லவக ஆபீஸ்ல (குடியுரிமைக் கார்டு போடுற குடிவரவு ஆபீஸ்) "தாத்தா எப்ப வந்தாரு, காட்டு"ங்கறாங்க. யாரால பேப்பர் போச்சுன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல.

1982 குடியுரிமைச் சட்டத்துல கார்டு மூணு கலர்: பிங்க் முழுக் குடியுரிமை, நீலம் துணைக் குடியுரிமை, பச்சை மனு போட்டுப் பிற்பாடு வாங்குற குடியுரிமை. நீலத்தை மறந்துடுங்க, அது 1948 சட்டத்துல அப்பவே மனு போட்டவங்களுக்கு.

நம்ம முகத்தைப் பாத்ததும் பச்சைக்குப் பாரம் நீட்டுவாங்க, அவசரப்பட்டு கையெழுத்து போட்டுடாதீங்க, பச்சைய பின்னாடி பறிக்கவும் வழி இருக்கு. அம்மா அப்பால ஒருத்தர் பிங்க், இன்னொருத்தர் பச்சையோ நீலமோன்னா பிள்ளை பிங்க் தான், 7ம் பிரிவு. ரெண்டு பேருமே பச்சை, ஆனா அதுல ஒருத்தரோட அம்மா அப்பா ரெண்டு பேரும் பச்சைன்னா அப்பவும் பிங்க் தான். பிரிவு நம்பரைச் சொல்லிக் கேளுங்க, முடியாதுன்னா எழுத்துல குடுங்கன்னு நில்லுங்க.

இன்னொண்ணு, தாத்தாவோட பழைய மூணு மடிப்பு கார்டு (1982 சட்டத்துக்கு முந்தின அடையாள அட்டை) பச்சையா இருக்கும். அது ஆம்பளைங்களுக்கு அப்ப போட்ட கலர், பொம்பளைங்களுக்கு ரோஸ். அதைக் காட்டி "உங்க தாத்தாவே பச்சை தானே"ன்னா தலையாட்டாதீங்க! ஒரிஜினலை கவுண்டர்ல விட்டுட்டு வராதீங்க, காப்பி எடுத்து ரசீது வாங்கிட்டு தான் குடுக்கணும், உள்ள போன கார்டு திரும்பாம அழுதவங்கள பாத்திருக்கேன்.

வெளிநாட்டார் புத்தகம் (வெளிநாட்டார்னு பதிஞ்ச சான்று) வச்சிருக்கவங்க பிள்ளைங்க 42ம் பிரிவுல பச்சைக்குப் போடலாம், குடும்பம் 1948 ஜனவரி 4க்கு முன்னாடி வந்திருக்கணும், வயசு 18 ஆகணும், அந்த நாட்டு இனத்தார் பாஷை ஒண்ணு நல்லா பேசணும், தமிழ் அந்தக் கணக்குல வராது.

ராணுவம் கிளப்பிவிட்டு வந்து சேர்ந்த புது ஊர் வீட்டுப் பட்டியல்ல (வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு ஆபீஸ் பதிவு) குடியேறின பிறகு தான் பேரு இருக்கும், அதை மட்டும் கொண்டுபோனா "அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க"ன்னு மடக்குவாங்க. அதனால பழைய ஊர் எந்த டவுன்ஷிப்ல இருந்துச்சோ அங்கயும் தேடுங்க. நிலவரி ரசீது, ஸ்கூல் பதிவு, கோயில் நன்கொடை நோட்டு, எது கிடைச்சாலும் விடாதீங்க, தனித்தனியா நிக்காது, சேர்த்து வச்சா பேசும். பழைய ஊர் பெரியவங்க இருந்தா சாட்சிக் கையெழுத்த இந்த மாசமே வாங்கிடுங்க, அவங்களுக்கும் வயசாகுது. புரோக்கர்கிட்ட மட்டும் ஒரிஜினல் குடுத்துடாதீங்க.