பீரங்கிக் குண்டைத் தடுத்த மரம்

1785-ஆம் ஆண்டில் அமெரிக்கா தன்னிடம் மிச்சமிருந்த கடைசிப் போர்க்கப்பலையும் விற்றுவிட்டது. சுதந்திரப் போரின் கடன் கழுத்தை நெரித்தது. மைய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. 'அலையன்ஸ்' என்ற அந்தக் கப்பலைப் பழுதுபார்க்கக்கூடக் கையில் காசில்லை. அதே ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் அரசு இரண்டு அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்து மாலுமிகளை அடிமைகளாக்கியது. அதுவரை பிரிட்டிஷ் கொடி அமெரிக்க வணிகர்களையும் காத்துவந்தது. விடுதலையோடு அந்தப் பாதுகாப்பும் போயிற்று.

1793-இல் அல்ஜியர்ஸ் மேலும் 11 கப்பல்களைப் பிடித்தபோதுதான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விழித்துக்கொண்டது. அப்போதும் அரைமனதுதான். ஆறு ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல்கள் கட்டும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 50-க்கு 39 என்ற கணக்கில் நிறைவேறியது. கடற்படை என்றால் வரி; வரி என்றால் வலுத்த மைய அரசு; அது மாநிலங்களை விழுங்கிவிடும் என்பது எதிர்த்தவர்களின் அச்சம். எனவே சட்டத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: அல்ஜியர்ஸுடன் சமாதானம் ஏற்பட்டால் வேலையை உடனே நிறுத்த வேண்டும்.

கப்பல்களை வடிவமைத்தவர் பிலடெல்பியாவின் ஜோஷுவா ஹம்ப்ரீஸ். குவேக்கர் சமயத்தவர், அதாவது போரையே ஏற்காத மரபில் வந்தவர். எண்ணிக்கையில் பிரிட்டனோடு ஒருநாளும் போட்டியிட முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே, எந்த ஃபிரிகேட்டையும் அடித்து வீழ்த்தும் வலிமை, அதைவிடப் பெரிய கப்பல் வந்தால் தப்பி ஓடும் வேகம் இரண்டும் ஒரே கப்பலில் வேண்டும் என்றார். வேகத்துக்கு நீளம் வேண்டும். வலிமைக்குக் கனமான பீரங்கிகள் வேண்டும். மரக்கப்பலில் இந்த இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

கப்பலின் நடுப்பகுதி அகலமானது. நீர் அதை மேலே தள்ளும் மிதப்பு விசை அங்கே அதிகம். முன்முனையும் பின்முனையும் ஒடுங்கியவை; அங்கே மிதப்பு குறைவு, பீரங்கிகளின் எடையோ அங்கும் உண்டு. விளைவாக முனைகள் தொங்கும், நடு முதுகு மேலே வளையும். கப்பல் நீளநீள இந்த வளைவும் கூடும். மூட்டுகள் தளரும், பலகைகளுக்கிடையே நீர் கசியும், வேகம் குறையும்.

ஹம்ப்ரீஸ் இதற்கு வைத்த மருந்து குறுக்குச் சட்டங்கள். ஏரா எனப்படும் அடிமரத்திலிருந்து சாய்வாக மேலேறித் தளத்தைத் தாங்கும் கனத்த மரங்கள், பக்கத்துக்கு ஆறு. கிராமத்துப் படலில் ஒரு கம்பைச் சாய்த்துக் கட்டினால் அது சரியாமல் நிற்கிறதே, அதே வடிவியல்தான். செவ்வகம் கோணும், முக்கோணம் கோணாது. ஆறில் ஒன்றான, பாஸ்டனில் கட்டிய 'கான்ஸ்டிட்யூஷன்' கப்பலில் பிற்காலப் பழுதுபார்ப்புகளின்போது இந்தச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். அதன் முதுகு ஓர் அடிக்கும் மேல் வளைந்துபோயிற்று. 1990-களில்தான் மீண்டும் பொருத்தினார்கள்.

அடுத்தது சுவர். நடுவே விலாச் சட்டங்கள், வெளியேயும் உள்ளேயும் வெள்ளை ஓக் பலகைகள். நீர்மட்டத்தருகே மொத்தக் கனம் சுமார் 21 அங்குலம். விலாக்களுக்கு ஹம்ப்ரீஸ் தேர்ந்தெடுத்தது அமெரிக்கத் தென்கிழக்குக் கரையோரம் வளரும் லைவ் ஓக். நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் உலர்ந்த வெள்ளை ஓக் சுமார் 0.68, லைவ் ஓக் 0.88, பச்சையாக வெட்டிய லைவ் ஓக் தண்ணீரில் மூழ்கியே போகும். குண்டு மரத்துக்குள் நுழையும்போது நார்களை நசுக்கியும் கிழித்தும் தன் ஆற்றலை இழக்கிறது. மரம் அடர்த்தியானால் அந்த இழப்பு வேகமாக நடக்கும். பிரிட்டிஷ் கப்பல்களில் விலாக்களுக்கிடையே கணிசமான இடைவெளி இருக்கும். குண்டு அங்கே பட்டால் தடுக்க வெறும் பலகைதான். 'கான்ஸ்டிட்யூஷ'னிலோ ஏறக்குறைய இரண்டு அங்குல இடைவெளியே. எங்கே பட்டாலும் விலாவில் முட்டும்.

அந்த மரம் வந்த கதைதான் எனக்கு நெருடுகிறது. ஜார்ஜியாவின் செயின்ட் சைமன்ஸ் தீவுக்கு வடக்கிலிருந்து போன மரவெட்டிகள் காய்ச்சலில் சுருண்டார்கள். மேற்பார்த்த தச்சர் ஜான் மோர்கனும் படுத்துவிட்டார். பிறகு பக்கத்துப் பண்ணைகளின் அடிமைகள்தான் கோடரி பிடித்தார்கள். அல்ஜியர்ஸில் அமெரிக்கர்கள் அடிமைப்பட்டதற்காகத் தொடங்கிய வேலை இது!

ஆறு கப்பல்களையும் ஒரே துறைமுகத்தில் கட்டினால் செலவு மிச்சம். அரசு வேண்டுமென்றே ஆறு துறைமுகங்களில் கட்டியது: பாஸ்டன், போர்ட்ஸ்மவுத், நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர், நார்ஃபோக். தச்சருக்குக் கூலி, கயிறு முறுக்குபவருக்கு வேலை, மாநிலத்துக்கு மாநிலம் கூட்டாட்சி அரசின் பணம். மைய அரசு என்று ஒன்று இருப்பதைப் பலர் கூலிநாளன்றுதான் உணர்ந்திருப்பார்கள். என் கணக்கில் இந்தக் கப்பல்கள் செய்த பெரிய காரியம் இதுதான். கடற்போர் வெற்றிகள் இதற்கு அடுத்தபடி.

இதற்கிடையே 1795-இல் அல்ஜியர்ஸுடன் சமாதானம் வந்தது. விலை 642,500 டாலர். ஆறு கப்பல்களுக்குக் காங்கிரஸ் முதலில் ஒதுக்கியதோ சுமார் 688,888 டாலர். பணம் போதாதென்று ஒரு புதிய ஃபிரிகேட்டையும் கட்டி அல்ஜியர்ஸுக்கு அனுப்பிவைத்தார்கள். நிபந்தனைப்படி வேலை நின்றது. குடியரசுத் தலைவர் வாஷிங்டன் வற்புறுத்திய பிறகு மூன்று கப்பல்களை மட்டும் முடிக்க அனுமதி கிடைத்தது. 1798-இல் பிரான்சுடன் கடலில் அறிவிக்கப்படாத போர் மூண்டதும் தயக்கமெல்லாம் பறந்தது. கடற்படைக்குத் தனித் துறை பிறந்தது. செலவுக்கு வீடு, நிலம், அடிமைகள் மீது நேரடி வரி வந்தது. பென்சில்வேனியாவில் அந்த வரிக்கு எதிராகக் கலகமும் வந்தது. கப்பலின் அடியை மரம் துளைக்கும் புழுவிடமிருந்து காக்கும் செப்புத் தகடுகள் அதுவரை இங்கிலாந்திலிருந்து வந்தன. பாஸ்டனின் உலோகத் தொழில்முனைவர் பால் ரெவியர் அரசுக் கடன் 10,000 டாலர் பெற்றுச் செப்புத் தகடு உருட்டும் ஆலை அமைத்தார். 1803-இல் 'கான்ஸ்டிட்யூஷ'னுக்கு உள்நாட்டுச் செம்பே வேய்ந்தார்கள்.

1812-இல் பிரிட்டனுடன் போர் மூண்டது. ஆகஸ்ட் 19 அன்று அந்தக் கப்பல் பிரிட்டனின் 'கெரியர்' ஃபிரிகேட்டைச் சந்தித்தது. குண்டுகள் சுவரில் பட்டுத் தெறித்து விழுவதைக் கண்ட ஒரு மாலுமி, பக்கங்கள் இரும்பால் ஆனவை என்று கத்தியதாகச் சொல்வார்கள். எல்லாக் குண்டும் தெறிக்கவில்லை. தூரமும் விழுந்த கோணமும் உதவின. பிரிட்டிஷ் குண்டுகள் 18 பவுண்டு, அமெரிக்கக் குண்டுகள் 24 பவுண்டு என்பதையும் மறக்கக்கூடாது. குண்டு துளைத்த சுவரின் உட்புறமிருந்து பறக்கும் மரச்சிலாம்புகள் குண்டுக்கு நிகராக ஆட்களை வீழ்த்தின. அமெரிக்கத் தரப்பில் இறந்தவர் 7, பிரிட்டிஷ் தரப்பில் 15. கெரியரின் மூன்று பாய்மரங்களும் சாய்ந்தன. இழுத்துச் செல்லக்கூட லாயக்கில்லாமல் அதைக் கொளுத்தினார்கள். டிசம்பரில் பிரேசில் கரையருகே 'ஜாவா'வும் அப்படியே வீழ்ந்தது. அதில் பம்பாய்ப் படைக்குத் தலைமையேற்கப் போய்க்கொண்டிருந்து பிடிபட்ட தாமஸ் ஹிஸ்லாப்தான் 1814-இல் சென்னைப் படையின் தளபதியாக நியமிக்கப்பட்டார்.

பெரிய அமெரிக்க ஃபிரிகேட்டுகளோடு தனியாக மோத வேண்டாம் என்று 1813-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை உத்தரவிட்டது. அதனால் போரின் போக்கு மாறிவிடவில்லை. பிரிட்டிஷ் முற்றுகை அமெரிக்க வணிகத்தை முடக்கியது. சுங்கவரியையே நம்பியிருந்த கருவூலம் வறண்டது. 1814 ஆகஸ்டில் தலைநகர் வாஷிங்டனின் அரசுக் கட்டடங்களே எரிந்தன.

ஆனாலும் 50-க்கு 39 என்று இழுபறியாக இருந்த அதே காங்கிரஸ், 1816-இல் கடற்படையை வளர்க்க எட்டு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. மறுவருடம் லைவ் ஓக் வளரும் அரசு நிலங்களைக் கடற்படைக்கென ஒதுக்கிவைக்கச் சட்டம் வந்தது. 'கான்ஸ்டிட்யூஷன்' இன்றும் பாஸ்டனில் மிதக்கிறது. பழுதுபார்க்க வேண்டிய வெள்ளை ஓக், இந்தியானா மாநிலத்தில் கடற்படைக்குச் சொந்தமான காட்டிலிருந்து வருகிறது.