"ஏதோ இருக்கிறேன்" என்ற பதிலுக்குள் இருப்பது

மியான்மரின் பெகு நகரை அடுத்த நெல் வயல் ஊர்களில் நம் தமிழ்ப் பெரியவர் ஒருவரிடம் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "ஏதோ இருக்கிறேன்" என்பார், சற்று உட்கார்ந்து கேட்டால், முழங்கால் வலியைச் சொல்லும் அதே மூச்சில் விதைநெல் கடனையும் மலேசியாவுக்கு வேலைக்குப் போன மகனையும் சேர்த்துச் சொல்வார். அவர் பேச்சை மாற்றவில்லை. கேட்ட கேள்விக்கே முழுமையாகப் பதில் சொல்கிறார்.

தம் உடல்நலத்தைப் பற்றி ஒருவர் தாமே கூறும் மதிப்பீட்டை ஆய்வாளர்கள் பெரிதும் பொருட்படுத்துகிறார்கள். 1997-இல் எலன் ஐட்லரும் யேல் பெனியாமினியும் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மருத்துவர் கண்டறிந்த நோய்களைக் கணக்கில் சேர்த்த பின்னரும், "நலமில்லை" என்றவர்களிடையே இறப்பு அதிகம் என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் முடிவு.

இதற்கு ஒரு காரணம் மன அழுத்தம் உடலில் இயங்கும் விதம். ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பி வழியாக அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. அது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி உடலை ஆயத்தப்படுத்துகிறது. ஆபத்து நீங்கியதும், அதே கார்ட்டிசால்தான் மூளைக்கு "போதும்" என்று உணர்த்திச் சுரப்பை அடக்குகிறது. கடன்காரர் நாளையும் வருவார் என்றால் அந்த "போதும்" எப்போது வரும்? தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறியே நிற்கிறது, வலி கூடுதலாக உறைக்கிறது. இவ்வாறு சேரும் தேய்மானத்துக்கு ஆய்வாளர்கள் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் "அலோஸ்டேட்டிக் சுமை" என்று பெயரிட்டார்கள்.

இந்தச் சுமையைத் தாங்கி மீள்வதை மீள்திறன் என்கிறோம். அது துயரமே படாத கல்மனம் அன்று. துயரப்பட்ட பின் நிலைக்குத் திரும்பும் ஆற்றல். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவை அழித்தது போன்ற பேரிழப்பில், மறு நடவுக்கு விதை தர ஓர் உறவினர் இருப்பவருக்கும் எவருமே இல்லாதவருக்கும் அந்தத் திரும்புதல் ஒன்றாக இராது. ஆகவே அதை ஒருவரின் பிறவிக் குணமாக மட்டும் கருதி, மீளாதவரைக் குறை கூறுவது பிழை மட்டுமன்று, அநியாயமும்கூட.

மீள்திறன் மிக்கோர் தம்மை நலமுள்ளோராக உணர்கிறார்கள் என்று ஆய்வுகள் கூறும்போதும், ஒரே முறை கேட்ட கேள்வித்தாளைக் கொண்டு எது காரணம், எது விளைவு என்று சொல்ல இயலாது. நலமாயிருப்பவருக்கு நம்பிக்கையோடு பதிலளிப்பது எளிது. இவ்விரண்டையும் பிரித்தறிய, நடவுக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும், நல்ல விளைச்சலிலும் வெள்ளத்திலும், அதே மனிதர்களிடம் ஆண்டுக்கணக்கில் திரும்பச் சென்று கேட்க வேண்டும்.